வெளியூரில் இருக்கும் அப்பா

மருத்துவக் கல்லூரியில் மகளுக்கு இடம் இல்லை என்று தெரிந்த மறுநாளும் அவள் கடைக்குப் போனாள். போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் மட்டும் கூப்பிட்டு இடம் கொடுத்துவிடப் போகிறார்களா?

அவளுக்கு வேலை மூக்குக் கண்ணாடிக் கடையில். கண்ணாடிச் சட்டத்தைச் சூட்டில் காட்டி, இளக்கி, வந்தவர் முகத்துக்குப் பொருந்துகிற மாதிரி வளைத்துக் கொடுக்க வேண்டும். யாருக்கு ஒரு காது மேலே, யாருக்கு மூக்கு லேசாகக் கோணல் என்று அந்த வட்டாரத்து முகங்கள் அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் கண்ணாடிக்கடை அக்காதான்.

"என்னம்மா ஆச்சு பொண்ணு விஷயம்?" என்றார் முதலாளி.

"கிடைக்கலைங்க."

"என்னது! பள்ளிக்கூடத்துலயே முதல் மார்க் வாங்கின பொண்ணுக்கா?"

"அங்க வரிசையில நிக்கிற எல்லாருமே எங்கேயோ ஒரு இடத்துல முதல் மார்க்தானாம். யாரைக் கழிக்கிறதுன்னு தெரியாம நேர்முகத்துல வச்சுக் கழிச்சிருக்காங்க."

"நேர்முகத்துல நல்லா பேசினேன்னு வந்து சொன்னாளே?"

"அப்படித்தான் சொன்னா."

அதற்குள் துணிக்கடைக்காரர் உள்ளே வந்துவிட்டார். போன வாரம் வாங்கிய கண்ணாடி நழுவுகிறதாம். அவரை உட்கார வைத்துக் கண்ணாடியைச் சரிசெய்து மாட்டிப் பார்த்தாள்.

"காதுக்குப் பின்னாடி உறுத்துதா சார்?"

"கொஞ்சம் உறுத்துது அக்கா. ஆனா பரவாயில்லை, இன்னிக்கு எனக்கு எது உறுத்தினாலும் தெரியாது. பையனுக்கு இடம் கிடைச்சிருச்சு!"

எந்தக் கல்லூரி என்று கேட்டாள். அதே கல்லூரிதான். முதலாளி பின்னாலிருந்து அவருக்குக் கண்ணைக் காட்டிப் பார்த்தார், தொண்டையைக் கனைத்துப் பார்த்தார். சந்தோஷத்தில் இருக்கிற மனிதனுக்கு அதெல்லாம் எங்கே உறைக்கும்?

"மார்க்கெல்லாம் சுமார்தான் அக்கா, உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. நேர்முகத்துல ஒரே கேள்வியைத்தான் பிடிச்சுக்கிட்டாங்களாம். 'படுத்த படுக்கையா கிடக்கிற நோயாளியை நீ கூட இருந்து பார்த்திருக்கியா'ன்னு. வந்த பசங்க எல்லார்கிட்டயும் அதையேதான் கேட்டாங்களாம். நம்மாளு லீவுல ரெண்டு வாரம் முதியோர் இல்லத்துக்குப் போயிருந்தான். எங்க போனான், நான்தான் காதைத் திருகித் துரத்தினேன்! அங்க ஒரு பெரியவரைப் புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. புரட்டலேன்னா முதுகு புண்ணாயிடுமாமே? அதை அப்படியே சொல்லியிருக்கான். அவ்வளவுதான், கேள்வி கேட்ட மூணு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்துட்டாங்களாம்."

கழற்றி மறுபடி சூடு காட்டிக்கொண்டிருந்த சட்டம் அவள் கையிலேயே தொய்ந்து கோணிக்கொண்டது. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு சட்டத்தையும் கெடுத்ததில்லை.

"நல்ல பையன் சார்," என்றாள். "வேற சட்டம் மாத்தித் தரேன். கொஞ்சம் உட்காருங்க."

புரட்டிப் படுக்க வைப்பது. அதை அவள் மகளுக்கு யார் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

அவள் புருஷன் தொலைதூரப் பேருந்து ஓட்டியவர். மகள் அரைப்பாவாடை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போன காலத்தில் ஒரு நாள் அவருக்கு பக்கவாதத்தில் வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, "எப்படி இருந்த மனுஷன்!" என்றார்கள். உயிரோடு இருக்கிறவர் காதுபட இப்படியா பேசுவது? அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்கள் போகும்வரை திரும்பவில்லை. சாப்பாட்டையும் தொடவில்லை. இனிமேல் ஒருத்தர் கண்ணிலும் படமாட்டேன் என்று கையாலேயே சைகை காட்டிச் சொல்லிவிட்டார்.

யாருக்கும் தெரியாத பகுதியில் மாடி வீடாகப் பார்த்துக் குடிவந்தார்கள். "அவர் வெளியூர்ல வேலை பாக்கிறாரு" என்று வீட்டுக்காரரிடம் சொன்னதுதான் ஆரம்பம். அதையே பக்கத்து வீட்டில் சொன்னார்கள், பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், கடைசியில் கல்லூரி விண்ணப்பத்திலும் எழுதினார்கள். அவள் கடைக்குப் போய்விடுவாள். மகள்தான் மத்தியானம் மணி அடித்ததும் ஓடிவந்து, அப்பாவைப் புரட்டி, துடைத்து, ஊட்டிவிட்டு, மறுபடி மணி அடிப்பதற்குள் ஓடுவாள். முதல் மார்க்கெல்லாம் அந்தக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து படித்து வாங்கியதுதான்.

சாயங்காலம் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அவள் தம்பி வந்து முன்னறையில் உட்கார்ந்திருந்தான். வாடகைக் கார் ஓட்டுகிறவன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டுமென்றால் விடிவதற்கு முன்பே வந்து அத்தானை முதுகில் தூக்கி இறக்குகிறவனும் அவன்தான்.

"அந்தக் காலேஜ்காரங்க யாராவது என் வண்டியில ஏறட்டும்," என்று மருமகளைச் சிரிக்க வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். "நடுரோட்டுல இறக்கி, நேர்முகம் வச்சுத்தான் மறுபடி ஏத்துவேன்."

மகள் சிரிக்கவில்லை. அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அடுப்படிக்குள் வந்து குரலைத் தாழ்த்தினாள். அடுப்படிக்கும் அப்பா படுத்திருக்கும் அறைக்கும் நடுவில் ஒரு திரைதான்.

"நேர்முகத்துல உன்கிட்ட என்ன கேட்டாங்க?"

"என்னென்னவோ கேட்டாங்க. விடும்மா."

"படுக்கையில கிடக்கிற நோயாளியைப் பார்த்திருக்கியான்னு கேட்டாங்களா, இல்லையா?"

மகளின் கை நிற்கவில்லை. "கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"இல்லைன்னு சொன்னேன்."

"அடிப் பாவி! ஏண்டி?"

"வேற என்ன சொல்லச் சொல்றே? நாம எழுதிக் கொடுத்த தாள் அவங்க முன்னாடி இருக்கு. அப்பா வெளியூர்ல பஸ் ஓட்டறாருன்னு போட்டிருக்கு."

"யாரோ ஒரு சொந்தக்காரரைப் பார்த்துக்கிட்டேன்னு சொல்லியிருக்கலாமே."

"அதுக்கு இன்னொரு பொய்யா?" மகள் குழாயை மூடினாள். "மறுபடியும் கேட்டாங்கம்மா. 'வீட்டுல, அக்கம்பக்கத்துல, யாரையுமே பார்த்துக்கிட்டதில்லையா?'ன்னு. நடுவுல இருந்த அந்தம்மா நல்லவங்களாத்தான் தெரிஞ்சாங்க. சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. வாசல்ல நீ என்ன சொல்லி அனுப்பினே?"

அம்மாவுக்கு நினைவிருந்தது. தலைமுடியை ஒதுக்கிவிட்டு, காதோடு காதாகச் சொன்னாளே. வீட்டுக் கதையெல்லாம் அங்கே பேசாதே, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுன்னுதானேடி சொன்னேன்!"

"வீட்டுக் கதை பேசாதேன்னும்தானே சொன்னே? கேட்டதே வீட்டுக் கதையா இருந்தா நான் என்ன பண்றது?"

அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நாளைக்குக் காலையில நான் அங்க போறேன். அந்தம்மா கால்ல விழுந்தாவது சொல்லிட்டு வரேன்."

"என்னன்னு சொல்லுவே? என் பொண்ணு பொய் எழுதிக் கொடுத்தா, கேட்டப்பவும் பொய் சொன்னா, ஆனா ரொம்ப நல்ல பொண்ணுன்னா?"

பேச்சு காதில் விழுந்து தம்பி எழுந்து வந்தான். அவனுக்கு முழுசாக விளங்கவில்லை. சண்டை என்பது மட்டும் விளங்கியது.

"அட விடுங்க ரெண்டு பேரும். உலகம் என்ன முழுகியா போச்சு? மறுபடி எழுதினா ஆச்சு. என் மருமக மூளைக்கு அடுத்த வருஷம் அவங்களே வீடு தேடி வந்து கூட்டிட்டுப் போவாங்க."

"அடுத்த வருஷமும் அப்பா வெளியூர்லதானே இருப்பாரு, மாமா?"

சொன்ன பிறகுதான் குரல் உயர்ந்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. ஈரக்கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள்தான் முதலில் போனாள். பின்னாலேயே மற்ற இருவரும் போனார்கள்.

அவர் எழுந்து உட்கார முயன்றிருக்கிறார் போல. தலையணை கீழே விழுந்து கிடந்தது. வாயின் நல்ல பக்கத்தை மட்டும் அசைத்து மகளைப் பார்த்து என்னவோ சொன்னார். நாக்குத் தடித்துப்போன பேச்சு. வெளி மனிதர்களுக்கு வெறும் சத்தம்தான். அம்மாவே எப்போதும் இரண்டு தடவை கேட்டுத்தான் புரிந்துகொள்வாள். இன்றைக்கு அப்படிக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"என்னாலதானே?" என்றார் அவர்.

"என்ன மருமகளே சொல்றாரு?" என்றான் தம்பி.

மகள் குனிந்து தலையணையை எடுத்தாள். தட்டிச் சரிசெய்து அப்பாவின் முதுகுக்குக் கொடுத்தாள். அதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டுவிட்டாள்.

"தண்ணி கேக்கறாரு மாமா."

அடுப்படிக்குப் போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். மோவாய்க்குக் கீழே கையை ஏந்திக்கொண்டு, "மெதுவாப்பா, மெதுவா," என்று புகட்டினாள். கேட்காத தண்ணீரை அவர் கடைசிச் சொட்டு வரை விழுங்கினார். கண்ணை மகள் முகத்தைவிட்டு எடுக்கவில்லை. அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போதுமாப்பா?"

தலையை ஆட்டினார்.

"பாரேன் அக்கா," என்றான் தம்பி. "எவ்வளவு தாகம் அத்தானுக்கு! கேட்டதும் கொடுக்கணும் இல்லையா?"