அக்காவுக்குச் சொல்ல வேண்டிய கச்சேரி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் மாடி வீட்டில் ஒருவர் இருக்கிறார். பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது அவர் தொழில். ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்து அவர் இதைச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன்.

(இதில் ஒரு பொய் இருக்கிறது. நான்காம் பகுதி வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: 'அந்த எண்பது வயது அம்மையார் ஒரு தேவதையைப் போல மேடையில்...'

வேண்டாம். அன்று பியானோ வாசித்த அந்த அம்மையார் கைத்தடி ஊன்றி, முட்டிவலியை முகத்தில் காட்டிக்கொண்டேதான் வந்தார்.

இரண்டாவது முயற்சி: 'அன்று காலை ஒத்திகையில் பியானோவின் கம்பி ஒன்று அறுந்தது.'

இது பரவாயில்லை. சுருதிக்காரர் புதுக் கம்பி போட்டார். புதுக் கம்பி எவ்வளவு முறுக்கினாலும் நாலைந்து நாள் இளகி, சுருதி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் அன்றைய கான்செர்ட்டோவின் நடுவில், வாத்தியக் குழு முழுதும் அடங்கிப் பியானோ மட்டும் தனித்துப் பாடும் இடம் ஒன்று உண்டு. அங்கே அந்தக் கம்பிக்குரிய கட்டை பத்தொன்பது தடவை வரும். எண்ணி வைத்திருந்தார்.

3

இப்போது அக்கா; சுருதிக்காரரின் அக்கா. (முதல் வரைவில் மனைவி என்று எழுதினேன். மனைவி என்றால் சண்டை வந்து கதை வேறு பக்கம் போயிருக்கும்.) முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தவள். அம்மையாரின் இசைத்தட்டுகளை ஒன்று விடாமல் வைத்திருப்பவள். நேரில் மட்டும் கேட்டதில்லை. இதுதான் அவருடைய கடைசிக் கச்சேரி, யாரும் பதிவு செய்யக் கூடாது என்று அறிவிப்பு வந்ததும் முதல் ஆளாக டிக்கெட் வாங்கினாள். கச்சேரிக்கு நாலு நாள் முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது.

"எனக்கும் சேத்துக் கேட்டுட்டு வாடா," என்றாள் தம்பியிடம். "ஒண்ணு விடாம சொல்லணும். 'நல்லா இருந்துச்சு'ன்னு சொல்லி நழுவினே, அப்புறம் என்கூடப் பேசாதே."

பிற்பகல் மூன்று மணிக்குக் கச்சேரி. அந்த இடம் வந்ததும் சுருதிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒன்று. இரண்டு. முன் வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதினெட்டு. பத்தொன்பது. கம்பி சுருதி விலகாமல் நின்றது. அதன்பிறகும் அவர் காது அந்தக் கட்டையை விட்டு நகரவில்லை. அரங்கமே எழுந்து கைதட்டியபோதுதான் அவருக்கு உறைத்தது: கம்பியைத்தான் கேட்டிருக்கிறார்.

வீட்டில் அக்கா தலை வாரி, தலையணையில் சாய்ந்து காத்திருந்தாள்.

"சொல்லுடா."

"கம்பி நின்னுடுச்சுக்கா."

"அது சரி. அந்தம்மா எப்படி வாசிச்சாங்க?"

"பத்தொம்பது தடவையும் நின்னுச்சு."

அக்கா சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

4

பொய்க்கு வருகிறேன். மாடிப்படியும் இல்லை, ஒன்றும் இல்லை. அக்கா தன் டிக்கெட்டை என்னிடம்தான் கொடுத்தாள். "அவனுக்கு வாய் வராது. நீங்க எழுதறவரு, கண்ணு முன்னாடி கொண்டாந்துடுவீங்க," என்றாள். சுருதிக்காரருக்குப் பக்கத்து இருக்கையில், அக்காவின் இருக்கையில், இருந்தவன் நான். அம்மையார் வாசித்த முப்பத்தைந்து நிமிடமும் மடியில் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, அந்தக் கச்சேரியை எழுத ஒரு முதல் வரி தேடிக்கொண்டிருந்தேன். மேலே பார்த்தீர்களே, தேவதை, அது அங்கே எழுதியதுதான்.

அன்று மாலை அவள் கட்டிலருகே நானும் நின்றிருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது சொல்லுங்க."

முடிவு அ: நான் ஜோடித்துச் சொல்கிறேன், அவள் கண்ணை மூடிக் கேட்கிறாள். (முப்பது வருடம் பிள்ளைகளின் சாக்குப்போக்கைக் கேட்டவள். இரண்டாவது வாக்கியத்தில் பிடித்துவிடுவாள்.)

முடிவு ஆ: சுருதிக்காரர் வீட்டுப் பியானோவைத் திறந்து அந்த ஒரே கட்டையை... (எழுதவே கூசுகிறது.)

நடந்தது இதுதான். "நல்லா இருந்துச்சுக்கா," என்றேன்.

"ம்," என்றாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது, இன்னும் இருக்கிறது.

5

அன்று அரங்கில் எண்ணூறு பேர் இருந்தீர்கள். முன் வரிசையில் கண்ணாடியைத் துடைத்தவரே, நீங்கள்கூட இதைப் படிக்கலாம். மாடி வீடு, பச்சைக் கதவு. மணி அடித்தால் சுருதிக்காரர் திறப்பார். அக்கா இன்னும் நடக்க ஆரம்பிக்கவில்லை, எப்போது வந்தாலும் இருப்பாள். அந்த நடுப்பகுதி எப்படி இருந்தது என்று அவளிடம் சொல்லுங்கள். அவசரப்படாமல் சொல்லுங்கள். நானும் கதவோரம் நின்று கேட்டுக்கொள்கிறேன்.