பின்கூடத்து இரைச்சல்

பால்பவுடர் டப்பா ஒன்றை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஹேமாவதி பட்டுக்கூடு சந்தையின் பின்கூடத்துக்குள் நுழைந்ததும் சிரிப்பு கிளம்பியது.

"ஏன் ஹேமா, கம்பெனிக்காரன் சம்பளம் போடலையா? டப்பா ஏந்திட்டு வந்துட்ட!" என்றார் அக்மல் பாஷா. சின்ன அளவில் கூடு வாங்கி நூல் எடுக்கிறவர். வாய் மட்டும் பெரிசு.

"போடுறான் பாய். உங்க போன்ல சுத்துற வட்டத்த நான் நிறுத்தலன்னா அடுத்த மாசம் போடமாட்டான்."

அந்தச் சந்தையின் வைஃபையைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த வேலை அவளுடையது. டப்பாவின் பக்கத்தில் துளை போட்டு, செப்புக்கம்பி செருகி, ஒயர் இழுத்து மடிக்கணினியில் மாட்டியிருந்தாள். டப்பாவின் வாய் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கத்திலிருந்து வரும் ரேடியோ அலை திரையில் எழும்பும். இதற்கென்றே விற்கிற நல்ல கருவியைக் கம்பெனியிடம் கேட்டுப் பார்த்தாள். நெட்வொர்க் நன்றாகத்தானே இருக்கிறது என்று பதில் வந்தது. பதில் போட்ட புண்ணியவான் கெம்பாபுரம் சந்தையை ஒருநாளும் எட்டிப் பார்த்தவனில்லை.

அங்கே ஏலம் முழுக்கப் போனில்தான். விவசாயிகள் கூட்டைத் தொட்டியில் கொட்டி, எண் எழுதிய தகரத் தகடு ஒன்றை முன்னால் நிறுத்துவார்கள். நூல் எடுக்கும் ரீலர்கள் தொட்டி தொட்டியாக நடந்து, கூட்டைக் காதோரம் குலுக்கிப் பார்த்து, தொட்டி எண்ணைப் போட்டு விலையை அழுத்துவார்கள். விலை பிடிக்காத விவசாயி தகட்டைக் கவிழ்த்தால் அடுத்த சுற்று. மூன்று சுற்றோடு சரி. ஒரு கூடத்தில் பாதிக்கு மேல் தகடுகள் கவிழ்ந்தால் மட்டும் நாலாவது சுற்று விட்டே ஆகவேண்டும் என்று வாசல் பலகையில் ஒரு விதி உண்டு. பக்கத்துத் தொட்டிக்காரன் கவிழ்ப்பானா என்று பார்த்துப் பார்த்தே யாரும் அதை இதுவரை பயன்படுத்தியதில்லை.

தகரக் கூரைக்கு அடியில் வெளி சிக்னல் எட்டாது. சந்தை வைஃபை வேலை செய்தால்தான் விலை போகும். முன்கூடத்தில் அது வேலை செய்தது, விலை கிலோவுக்கு ஐந்நூறைத் தாண்டியது. பின்கூடத்தில் வட்டம் சுற்றியது, விலை முந்நூறிலேயே படுத்துக் கிடந்தது. அந்த விலைக்கும் ஒரே ஒரு ஆள்தான் வாங்கினார். அவர் லக்கப்பா கவுடர். ஊரிலேயே பெரிய ஆலை அவருடையது. அவருடைய ஆள் புட்டராஜு, மூலையில் ஒயரில் ஓடும் பழைய கணினியை விட்டு நகரவே மாட்டான். பெரியவருக்குப் போன் பழகவில்லை, பாவம், என்று எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கிறவர்களை லக்கப்பா தடுத்ததில்லை.

அன்று இரண்டு சுற்று முடிந்துவிட்டது. இருபத்தேழாம் எண் தொட்டியருகே சிக்கதாயம்மா கூட்டுக்குள் கையை விட்டபடி உட்கார்ந்திருந்தாள். இரண்டு முறை தகட்டைக் கவிழ்த்தாயிற்று.

"ஹேமா, இங்க வா. இதக் காதுல வெச்சுக் கேளு."

ஹேமா ஒரு கூட்டை வாங்கிக் குலுக்கினாள். உள்ளே ஈரமான ஒரு புரளல்.

"புழு பூச்சியாகிட்டிருக்கு. போன சந்தையில வித்திருக்கணும். விலை கேவலமா இருந்துச்சுன்னு ரோஷத்துல திரும்பிப் போயிட்டேன். நாளைக்குக் காலையில ஓட்டை போட்டுட்டு வெளிய வந்துடும். ஓட்டைக் கூட்ட எவன் வாங்குவான்? இன்னிக்கு வித்தாகணும் தாயி. அதுக்காக இந்த நாய் விலைக்கு விக்கணுமா?"

"மூணாவது சுத்துக்குள்ள கண்டுபிடிக்கிறேன்க்கா."

"போன மாசமும் இதத்தான் சொன்ன. சொல்லி, சரியும் பண்ணின. நான்தான் உனக்கு வடை வாங்கிக் குடுத்தேன். தின்னது செரிச்சதும் மறுபடி கெட்டுப் போச்சா?"

ஹேமாவுக்குச் சுருக்கென்றது. உண்மைதான். போன மாதம் வைஃபைப் பெட்டிகளின் சேனலை மாற்றினாள், மறுநாளே பின்கூடத்தில் விலை சீறியது. தன் கைராசி என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு வாரம்தான். பிறகு ஒரு காலையில் பழையபடி வட்டம் சுற்றத் தொடங்கியது. அவள் எந்தச் சேனலுக்குத் தாவினாலும் இரைச்சல் அங்கேயும் இருந்தது.

மூன்றாவது சுற்றின் மணி அடித்தது. அவள் டப்பாவை மெல்லத் திருப்பினாள். வைஃபை என்பது மரியாதை தெரிந்த பேச்சு. கொஞ்சம் பேசும், நிறுத்தும், அடுத்தவர் பேசக் காத்திருக்கும். திரையில் அது ஏறி இறங்கும். இப்போது திரையில் தெரிந்தது ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. சுவர் எழுப்பியது போல நின்றது. எதுவோ மூச்சு விடாமல் கத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒருவன் அப்படிக் கத்தினால் மற்றவர்கள் எந்த மூலைக்குப் போய்ப் பேசினாலும் ஒன்றுதான்.

டீக்கடைப் பக்கம் திருப்பினாள், சுவர் தாழ்ந்தது. எடைமேடைப் பக்கம் இன்னும் தாழ்ந்தது. நடுத்தூணுக்கு நேரே வந்ததும் திரையின் விளிம்பைத் தொட்டது. அந்தத் தூணில் சாமுண்டி அம்மன் இருந்தாள்.

ஆளுயரக் கண்ணாடிச் சட்டம், சுற்றி ஓடும் சிவப்பும் பச்சையுமான விளக்குகள், கீழே உபயம் லக்கப்பா என்று பொன்னெழுத்து. தினமும் ஏலத்துக்கு முன் புட்டராஜு மணி அடித்து, கற்பூரம் காட்டி, இடுப்புச் சாவியால் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து விளக்கைப் போடுவான். ஏலம் முடிந்ததும் அணைப்பான். பின்கூடத்தில் அந்த அம்மனைக் கும்பிடாமல் யாரும் தகட்டை நிறுத்துவதில்லை. ஹேமாவும் கும்பிட்டிருக்கிறாள், நெட்வொர்க்கை நல்லபடியாக வைக்கச் சொல்லி!

"பாய், போன மாசம் இந்த விளக்கு எரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

அக்மல் யோசித்தார். "எங்க எரிஞ்சுது? லக்கப்பாவோட பெரியப்பா செத்துப் போனாரே. பங்காளிங்களுக்கெல்லாம் தீட்டு. புட்டராஜுவும் பங்காளிதான். கருமாதி முடிஞ்சு கோயிலுக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் அம்மனத் தொடல. மாலைகூட காஞ்சு தொங்குச்சு."

ஹேமாவுக்குக் கோபம் ஏறியது. அவளுடைய சேனலும் இல்லை, கைராசியும் இல்லை. நெட்வொர்க்கைச் சரியாக்கியது ஒரு சாவு. ஊர் வயிற்றில் அடிக்கக் கூசாத மனுஷன், தீட்டோடு அம்மன் விளக்கைத் தொடக் கூசியிருக்கிறார். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்கள். இவர் கோயிலைக் கட்டிவிட்டு, உள்ளிருந்தே இடித்துக்கொண்டிருந்தார்.

சந்தை அதிகாரி சிவலிங்கையாவிடம் போய் நின்றாள். "சார், அந்தப் படத்த இறக்கிப் பார்க்கணும். இரைச்சல் அதுக்குள்ளேருந்து வருது."

"படத்துலேருந்தா? பைத்தியமா உனக்கு?" அவர் குரலைத் தாழ்த்தினார். "கவுடர் மனசு வெச்சுதான் இந்தக் கூரையே போட்டோம். சாமி மேல கைவெச்சா ஊர் ரெண்டாகும். பேசாம ரெண்டு வைஃபைப் பெட்டி கூட மாட்டிட்டுப் போ."

"இருபது மாட்டினாலும் ஒண்ணும் ஆகாது சார். கத்துறவன் வாய மூடாம கேக்கறவனுக்குக் காது வாங்கிக் குடுத்து என்ன பிரயோஜனம்?"

பேச்சு கேட்டு லக்கப்பாவே வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் அளவாகக் குங்குமம், முகத்தில் சிரிப்பு.

"என்னம்மா, வேலை தெரியலன்னா சொல்லிட்டுப் போகவேண்டியதுதானே? அம்மன் மேல பழி போடுறியா? தொட்டுப் பாரு. நாளைக்கு உன் வேலை இருக்காது."

"வேலை போனா போகட்டும் கவுடரே. அம்மன் மேல நான் பழி போடல. அவ பின்னால ஒளிஞ்சிருக்கிறத வெளிய வரச் சொல்றேன்."

சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆனால் ஒருவரும் தூண் பக்கம் நகரவில்லை. திருடன் என்று தெரிந்தாலும் சாமி மடியில் இருப்பவனை எப்படி இழுப்பது? ஹேமாவே ஓரடி வைத்தவள், நூறு கண் தன்மேல் இருப்பதை உணர்ந்து தயங்கினாள்.

அப்போது சிக்கதாயம்மா செருப்பைக் கழற்றினாள். கையைச் சேலையில் துடைத்தாள். காலிக் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று அம்மனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"தாயே, நான் கும்பிட்டா நீ என் வயித்துல அடிக்கமாட்ட. எனக்குத் தெரியும். இத்தன நாளா உன்னப் புடிச்சுக் கட்டி வெச்சிருக்கான். எறங்கு."

"ஏய், கைய எடு!" என்று லக்கப்பா கத்தினார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"கத்தாதீங்க கவுடரே. ஏற்கெனவே ஒண்ணு கத்திட்டிருக்கு" என்றாள் ஹேமா.

அக்மல் ஒரு பக்கம் தாங்கிக்கொண்டார். படம் ஆணியைவிட்டு இறங்கியது. முதுகில், பிளைவுட்டுக்குள் குடைந்து, விளக்கு ஒயரோடு சேர்த்து மாட்டிய கறுப்புப் பெட்டி, விரல் நீளத்துக்கு ஒரு ஆன்டெனா, மினுக்கும் ஒரு பச்சைப் பொட்டு. கேமராப் படத்தை ஒயரில்லாமல் அனுப்புகிற பெட்டி அது. ஆனால் கேமரா எதுவும் இல்லை. அனுப்ப ஒன்றும் இல்லாமல் நாள் முழுதும் வெறுமனே கத்துவதற்கென்றே அதை அங்கே வைத்திருந்தார்கள். ஹேமா ஒயரைப் பிடுங்கினாள். திரையில் சுவர் விழுந்தது.

மூன்றாவது சுற்று முடிந்ததற்கான மணியும் அதே நேரத்தில் அடித்தது.

"எலெக்ட்ரீஷியன் ஏதாவது வெச்சிருப்பான். எனக்கென்ன தெரியும்?" என்றார் லக்கப்பா. உடனே அதிகாரி பக்கம் திரும்பினார். "சுத்து முடிஞ்சாச்சு. என் விலைதான் கடைசி விலை. எடை போடச் சொல்லுங்க சார்."

சிவலிங்கையா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "விசாரணை வெப்போம்மா. கண்டிப்பா வெப்போம். ஆனா ஏலம் முடிஞ்சது முடிஞ்சதுதான். சம்மதம் இல்லாதவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்."

வீட்டுக்கு எடுத்துப் போனால் என்ன ஆகும் என்று பின்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். லக்கப்பாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஹேமா சிக்கதாயம்மாவைப் பார்த்தாள். பெட்டியைப் பிடுங்கியும் பயனில்லாமல் போயிற்று.

"அக்கா, வாசல் பலகையில விதி இருக்கு. பாதிக்கு மேல கவிழ்த்தா நாலாவது சுத்து."

"நான் கவிழ்த்து, மத்தவங்க கவிழ்க்கலன்னா?"

ஹேமா பொய் சொல்ல விரும்பவில்லை. "உங்க கூடு போச்சு."

சிக்கதாயம்மா தொட்டியிலிருந்து ஒரு கூட்டை எடுத்தாள். காதருகே குலுக்கினாள். பிறகு தன் தகட்டை எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படாரென்று கவிழ்த்தாள்.

"பூச்சியாப் பறந்து போனாலும் போகட்டும்! என் புழு ராத்திரி பகலா இலை தின்னு கட்டின கூடு. திருட்டு விலைக்குக் குடுக்கமாட்டேன். உங்கள்ல எவனுக்கு என்னவோ, நீங்களே பாத்துக்குங்க."

மற்ற தொட்டிகளில் ஒரு தகடும் அசையவில்லை. லக்கப்பா மெல்லப் புன்னகைக்கத் தொடங்கினார். எதிர்வரிசையில் ஒரு தகடு கவிழ்ந்தது. அதற்கு மூன்று தொட்டி தள்ளி இன்னொன்று. பிறகு வரிசை முழுக்க, தகரம் மேல் தகரமாகச் சத்தம் ஓடியது. கட்டிட மேஸ்திரி கணக்காக எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த அக்மல், தனக்குத் தொட்டி இல்லையே என்ற ஆத்திரத்தில் டீத்தட்டை எடுத்துத் தரையில் கவிழ்த்தார்.

"அது கணக்கில வராது பாய்" என்றாள் ஹேமா.

"வராட்டி என்ன? சத்தத்துக்கு ஆகும்."

சிவலிங்கையா எண்ணிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. நிமிர்ந்து நின்ற தகடுகளைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அவர் லக்கப்பாவின் முகத்தைப் பார்த்தார், கூட்டத்தின் முகத்தைப் பார்த்தார், எது தனக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று புரிந்துகொண்டு மணியை அடிக்கச் சொன்னார்.

நாலாவது சுற்றில் எந்தப் போனிலும் வட்டம் சுற்றவில்லை. விலைகள் கூடம் முழுக்க டிங் டிங்கென்று விழுந்தன. இருபத்தேழாம் எண்ணுக்கு அக்மல் நானூறு போட்டார். யாரோ நானூற்றைம்பது. மூலைக் கணினியிலிருந்து புட்டராஜு பரிதாபமாகத் திரும்பி முதலாளியைப் பார்த்தான். ஆலையில் கூடு அவிக்க வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது, கூடு இல்லாமல் இயந்திரத்தை நிறுத்தினால் நஷ்டம் அவருக்குத்தான். லக்கப்பா பல்லைக் கடித்துக்கொண்டு தலையசைத்தார். ஐந்நூறு. அக்மல் ஐந்நூற்றுப் பத்து. கடைசியில் ஐந்நூற்று முப்பதுக்கு லக்கப்பா பெயரிலேயே ஏலம் நின்றது.

சிக்கதாயம்மா தகட்டை நிமிர்த்தி வைத்தாள்.

விலை முடிந்ததும் விற்றவர் வாங்கியவரைக் கைகூப்பிக் கும்பிடுவது அந்தச் சந்தையின் வழக்கம். லக்கப்பா தொட்டியருகே வந்து நின்றார். சுற்றியிருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன ஆனாலும் வழக்கம் வழக்கம்தானே என்று அவர் மோவாயைச் சற்றே உயர்த்திக் காத்திருந்தார்.

சிக்கதாயம்மா இரண்டு கையையும் கூப்பினாள். கூப்பிய கையோடு அவரைத் தாண்டிப் போனாள். தூணோரம் சாத்தி வைத்திருந்த அம்மன் முன்னால் நின்று, விளக்கில்லாத அந்த முகத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஹேமா, ஒரு கை பிடி" என்றாள். "பெட்டிய நீயே வெச்சுக்க, விசாரணைக்கு வேணும். இவள மறுபடி மேல ஏத்தணும்."