ஓடைத் தண்ணீரும் கொசுவலையும்

1938 ஆடியில் மலையடி முள்ளுக்குறிச்சிக் களத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். மலைமேல் தேவனூர் நாட்டுப் பழனிமுத்துவாகிய நான். இறந்துபோன என் தம்பியின் மகன் பொன்னன். அவன் தாய் சுப்பம்மாள். களத்துக்குச் சொந்தக்காரர் குழந்தைசாமி. காய்ச்சலைப் பற்றி விசாரிக்க வந்த மாணிக்கம், சென்னையில் தத்துவம் படித்தவர். ஆறாவது ஆள் இருந்ததாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

குழந்தைசாமி செம்பில் தண்ணீர் நீட்டினார். நான் வாங்கவில்லை. மலையடி ஓடைத் தண்ணீரில்தான் காய்ச்சல் இருக்கிறது என்பது என் தாத்தா சொல். மூன்று தலைமுறையாகச் சுரைக்குடுக்கையில் மலைத் தண்ணீரோடுதான் கீழே இறங்குகிறோம். எங்கள் வீட்டில் ஒருவரும் காய்ச்சலில் சாகவில்லை.

“ஏனுங்க கவுண்டரே, எங்க தண்ணி வெசமுங்களா? குடிச்சிட்டு உசுரோடதான இருக்கறோம்?” என்றார் குழந்தைசாமி.

“பாதி வருசம் போர்த்திக்கிட்டு நடுங்கறதுக்குப் பேரு உசுரா?” என்றேன்.

மாணிக்கம் சிரித்தார். “தண்ணியும் கொண்டு வர்றீங்க, பொழுது சாயறதுக்குள்ள மலையும் ஏறிடறீங்க. ரெண்டுல எது காப்பாத்துச்சுன்னு எப்படிங்க தெரியும்? கொசுதான் காய்ச்சலைப் பரப்புதுன்னு டாக்டருங்க சொல்றாங்க.”

“எங்க தாத்தா பொய் சொல்லமாட்டாரு.”

“பொய்யின்னு சொல்லலீங்க. அமெரிக்காவுல ஒரு தத்துவம் இருக்குது. ஒரு கருத்து நெசமான்னு தெரியணும்னா, அதை நம்பி நடந்தா என்ன ஆகுதுன்னு பாருங்கறாங்க. விஞ்ஞானத்தையே இப்ப அப்படித்தான் உரசிப் பாக்கறாங்க. நடந்து பாக்காத வரைக்கும் எல்லாம் வாய்ச்சொல்லுதான்.”

என் தாத்தாவின் சொல் வாய்ச்சொல்லா?

“அப்ப உரசிப் பாத்துருவோம்” என்றேன். பத்து நாள் அங்கேயே தங்குவது. நான் ஓடைத் தண்ணீர் குடித்து, மாணிக்கத்தின் கொசுவலைக்குள் படுப்பேன். பொன்னன் மலைத் தண்ணீர் மட்டுமே குடித்து, வலையில்லாமல் படுப்பான். ஆபத்தான பங்கு என்னுடையது. அப்படித்தான் நம்பினேன்.

மாணிக்கம் பதறினார். “உங்க ஊட்டுப் பையனை வெச்சுப் பாக்கறதுக்கா சொன்னேன்? வேண்டாமுங்க.”

“பெரியப்பா சொன்னாச் சரிதானுங்க” என்றான் பொன்னன்.

சுப்பம்மாள் தினமும் மலைத் தண்ணீர் கொண்டுவந்தாள். பத்து நாளும் எனக்குத் தலைவலிகூட இல்லை. பன்னிரண்டாம் நாள், மலை ஏறுவதற்கு முன்பே, பொன்னனுக்கு நடுக்கம் கண்டது. மூன்று கம்பளி போர்த்தியும் பல் கிட்டியது.

சுப்பம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: “செத்துப்போனவரு சொல்லைக் காப்பாத்த எம்மவந்தான் கெடைச்சானுங்களா?”

மாணிக்கம் காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை கொடுத்தார். ஒரு வாரம் கழித்துப் பொன்னன் எழுந்து களி கேட்டான்.

மாணிக்கம் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: “ரெண்டு பேரை வெச்சு முடிவு கட்ட முடியாதுங்க.”

“காய்ச்சல் எனக்கு வந்திருந்தா, தாத்தா செயிச்சாருன்னு அன்னைக்கே ஊரைக் கூட்டியிருப்பேன். ரெண்டு பேரு அப்பப் போதும், இப்பப் போதாதா? நான் தப்பிக்க யாரும் வழி விட வேண்டாம்” என்றேன். குழந்தைசாமி வீட்டுச் செம்பை நானே கேட்டு வாங்கிக் குடித்தேன். எங்கள் வீட்டில் இன்றும் பொழுது சாய்வதற்குள் மலையேறிவிடுகிறோம். குடுக்கை கொண்டுபோவதில்லை.

பொன்னன் ஒளிந்து ஓடைத் தண்ணீர் குடித்தான், அதனால்தான் படுத்தான், பெரியவர் சொல் பொய்க்கவில்லை என்று சோளக்காட்டுச் சந்தையில் பேசுகிறார்கள். எங்களுக்கு நல்லது செய்வதாக நினைப்பு. பொன்னன் குடிக்கவில்லை. அந்தப் பத்து நாளும் அவன் குடித்தது மலைத் தண்ணீர் மட்டுமே.