வெறும் வயிறும் ஒரு தொன்னைப் பொங்கலும்

தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே ஸுந்தரராஜனுக்கு உடம்பு ஒரு மாதிரியாக இருக்க ஆரம்பித்தது. என்ன மாதிரி என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. எழுந்தால் எழுந்த மாதிரி இல்லை. உட்கார்ந்தால் உட்கார்ந்த மாதிரி இல்லை. முன்பெல்லாம் அவரைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கி வணக்கம் வைத்தவர்கள், இப்போது தேரடியில் ஓரம் போகச் சொல்லி மணியடித்தார்கள். அந்த நேரங்களில் அது கொஞ்சம் அதிகமாக இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். முதுகில் தட்டினார். "உங்களுக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றார்.

ஸுந்தரராஜனுக்கு அவமானமாகிவிட்டது. சர்க்காருக்கு உழைத்துத் தேய்ந்த உடம்பில் ஒன்றும் இல்லையாம்! எதிர்வீட்டு உப்பிலி, ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுத்தவர், அவருக்கே குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆகி, தெருவே ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

"ஒண்ணும் இல்லேன்னா சந்தோஷப்படுங்கோளேன்" என்றாள் மனைவி வஞ்சுளவல்லி.

"உனக்கு என்ன தெரியும்? அவனுக்குக் கண்டுபிடிக்கத் தெரியலை. அதுக்குப் பேரு ஒண்ணும் இல்லை."

கண்டுபிடிக்கத் தெரிந்தவர் ராஜபாளையத்தில் இருந்தார். அது தொண்ணூற்றொன்றாம் வருஷம். தறி போட்டு பேண்டேஜ் துணி நெய்துகொண்டிருந்த சோலைராஜ், அந்த வருஷம் 'சோலைராஜ் கம்ப்யூட்டர் ரத்தப் பரிசோதனை நிலையம்' திறந்திருந்தார். காயத்துக்குக் கட்டும் துணியிலிருந்து ரத்தத்துக்கு வருவது அவருக்கு இயற்கையான முன்னேற்றமாகப் பட்டது. 'காரணம் தெரியாத சோர்வா? உங்கள் ரத்தம் பேசும்' என்று வாசலில் போர்டு. உள்ளே குளிரூட்டிய கண்ணாடி அறையில், வெல்வெட் துணி போர்த்தி, சந்தனம் குங்குமம் வைத்துக் கம்ப்யூட்டர். ரத்தம் அந்தப் பக்கமே போகாது. பின்கட்டில் சண்முகத்தாய் என்கிற பெண் ரத்தத்தைச் சோதித்துச் சொல்வதை அது கர்ர் கர்ரென்று அச்சடித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். ஆனாலும் அந்த அறைக்கு முன்னால் வந்ததும் ஜனங்கள் செருப்பைக் கழற்றினார்கள்.

"வெறும் வயித்தோட வரணும் சாமி" என்று சோலைராஜ் டையைச் சரிசெய்துகொண்டே எச்சரித்து அனுப்பினார். "காலையில ஒண்ணும் தின்னப்படாது. காப்பி கூடாது. இதுல மட்டும் ஏமாத்துனிய, கம்ப்யூட்டர் காட்டிக் குடுத்துரும்."

ஸுந்தரராஜனா ஏமாற்றுகிறவர்? மறுநாள் மார்கழிக் குளிரில் வஞ்சுளவல்லி நுரை ததும்ப நீட்டிய டிகிரி காபியை, முகத்தைத் திருப்பிக்கொண்டு வேண்டாம் என்றார். கல்யாணமான நாளாக அவர் செய்த பெரிய தியாகம் அதுதான். பிறகு வழக்கம்போலக் கோயிலுக்குப் போனார். பாசுரம் சொல்லும் கோஷ்டியில் நின்று திருப்பாவை சேவித்தார். தீர்த்தம் வாங்கிக்கொண்டார். ஒரு தொன்னை சர்க்கரைப் பொங்கல் வாங்கிக்கொண்டார். தொன்னை சின்னது என்பதால் இன்னொன்று. அங்கிருந்து நேரே ராஜபாளையம் பஸ்.

"வெறும் வயிறுதான சாமி?" என்று சண்முகத்தாய் கையில் ரப்பரைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"பச்சைத் தண்ணி பல்லுல படலை."

அவர் பொய் சொல்லவில்லை. தீர்த்தம் தண்ணீர் ஆகாது. பிரசாதம் சாப்பாடு ஆகாது. ஏகாதசிக்கு உபவாசம் இருக்கிற அன்றும் துளசித் தீர்த்தத்தைக் கணக்கில் சேர்க்காத குடும்பம் அது. இதை ஒருத்தர் கேட்கவேண்டும் என்று சோலைராஜுக்கும் தோன்றாது, சொல்லவேண்டும் என்று ஸுந்தரராஜனுக்கும் தோன்றாது.

கம்ப்யூட்டர் கர்ரென்றது. சோலைராஜ் தாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"மனசத் தேத்திக்கிடுங்க சாமி. உங்களுக்கு சுகர்."

"அப்பவே சொன்னேன்!" என்று ஸுந்தரராஜன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலமே வெள்ளை கான்வாஸ் ஷூ வாங்கிவிட்டார். ரத வீதி நாலையும் கையை வீசிக்கொண்டு சுற்றினார். யார் வீட்டுக்குப் போனாலும் அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படி, "எனக்குச் சீனி போடாதேங்கோ" என்றார். பஜனை வீடுகளில் அவருக்கென்று தனி டம்ளர் வந்தது. சைக்கிளிலிருந்து இறங்கி, "சாமி, இப்ப எம்புட்டு இருக்கு?" என்று விசாரித்தார்கள். உடம்பு ஒரு மாதிரியாக இருந்தது போய், ஸுந்தரராஜன் ரொம்ப நன்றாக இருந்தார்.

கோஷ்டிக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரியாக இருக்க ஆரம்பித்தது. வேங்கடேசன் போனார், சுகர். அவர் தம்பி போனார், சுகர். எல்லாரும் அதே கோயில், அதே பொங்கல், அதே பஸ். கோயிலுக்குப் போகாத நாஸ்திகர் ஒருத்தர் போனார், அவருக்கு மட்டும் இல்லை. பகவான் பாகவதர்களைத்தான் சோதிக்கிறார் என்று வேங்கடேசன் தேற்றிக்கொண்டார். கடைசியில் கோஷ்டியின் நிர்ப்பந்தத்துக்காக உப்பிலியும் போய்விட்டு வந்தார். "எனக்கும் அதேதானாம்" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்க உட்கார்ந்தார். நோயை மதிக்கத் தெரியாதவர்.

சோலைராஜ் ஆராய்ச்சியாளர் ஆனது இப்படித்தான். மாவட்ட வரைபடம் ஒன்றை வாங்கி ரத வீதி முழுக்கச் சிவப்புக் குண்டூசியாகக் குத்தினார். ராஜபாளையத்துப் பிரமுகர்கள் சங்கத்தில் 'ஸ்ரீவில்லிபுத்தூரும் சர்க்கரையும்' என்று பேசினார். பிளவக்கல் அணைத் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்பது அவர் முடிவு.

"அந்தத் தண்ணி சுந்தரபாண்டியம் பக்கமும்தான போகுது? அங்க யாருக்கும் இல்லையே?" என்று ஒருவர் எழுந்து கேட்டார்.

"அவிய டெஸ்ட்டுக்கு வரலைங்க" என்றார் சோலைராஜ். கைதட்டல் எழுந்தது.

அடுத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் நீரிழிவாளர் நலச் சங்கம். முதல் நோயாளி என்ற முறையில் ஸுந்தரராஜனே ஏகமனதாகத் தலைவர். தொடக்க விழா கூடாரவல்லி அன்று சாயங்காலம், அவர் வீட்டுக் கூடத்தில்.

அங்கேதான் வந்தது வினை. மார்கழி இருபத்தேழாம் நாளான கூடாரவல்லிக்கு வீட்டுக்கு வீடு அக்காரவடிசில் செய்வார்கள். வஞ்சுளவல்லியின் அக்காரவடிசிலுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. பாலிலேயே அரிசியைக் குழைய விட்டு, வெல்லமும் நெய்யும் சேர்த்து, வெண்கலப் பானையில் மெல்லிய தீயில் கிளறி இறக்குவாள். ஸுந்தரராஜன் வருஷம் பூராவும் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருப்பவர்.

"இந்த வருஷம் பரண்லேர்ந்து பானையை இறக்கப் போறதில்லை" என்றாள் அவள். "சங்கத் தலைவர் ஆத்துல அக்காரவடிசில் வாசனை வந்தா ஊர் சிரிக்கும்."

"பெருமாளுக்குக் காட்டிட்டா அது பிரசாதம்தானே?"

"நான் கரண்டியால போட்டாத்தானே பிரசாதம்? பாகற்காய் இருக்கு, சாப்பிடுங்கோ."

பதவியா, பானையா? ஸுந்தரராஜனுக்கு ராத்தூக்கம் போனது. பதவியை விட்டால் மறுபடி சைக்கிள் மணி. பானையை விட்டால் இன்னும் ஒரு வருஷம் பாகற்காய்.

கூடாரவல்லிக்கு இரண்டு நாள் முன்னால் சோலைராஜ் அவரை வரச்சொன்னார். தொடக்க விழாவில் வாசிக்கப் புதிய ரிசல்ட் வேண்டுமாம். ஸுந்தரராஜன் கோஷ்டி முடிந்து, மரியாதைக்கு ஒரு தொன்னைப் பொங்கலை வாழை இலையில் சுற்றிக் கொண்டுபோனார்.

"எடுத்துக்கோங்கோ. கோயில் பிரசாதம். இன்னிக்கு நெய் அபாரம்."

"உங்களுக்கு எப்படிச் சாமி தெரியும், நெய் அபாரம்னு?"

"இப்பத்தானே ரெண்டு தொன்னை எடுத்துண்டேன்."

சோலைராஜின் கை பொங்கலோடு வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"ஏமி சாமி இதி!" என்று அவருக்கு வீட்டுத் தெலுங்கு வந்துவிட்டது. "வெறும் வயிறுன்னியளே?"

"வெறும் வயிறுதான். காபிகூடக் குடிக்கலை."

"பொங்கல்?"

"அது பிரசாதம்யா. அதைப் போய்ச் சாப்பாடும்பாளா யாராவது?"

"அப்ப வேங்கடேசன் சாமி?"

"அவர் மூணு தொன்னை. பழைய மெம்பர்."

சோலைராஜ் டையைத் தளர்த்தினார். சுவரில் இருந்த சிவப்புக் குண்டூசிகளைப் பார்த்தார். பிளவக்கல் அணையை நினைத்தார். கைதட்டியவர்களை நினைத்தார்.

"சாமி, ஒரு உதவி. நாளைக்கு மொத பஸ்ஸுல, கோயிலுக்குப் போறதுக்கு முன்னால, கோஷ்டிய அப்படியே கூட்டிட்டு வந்துருங்க. ஃப்ரீ. வெளிய மட்டும் மூச்சு விட்ராதிய."

மறுநாள் கோஷ்டி ராஜபாளையத்தில் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றது. கோயிலில் பெண்களே முன்வரிசைக்கு வந்து சேவித்தார்கள். அபஸ்வரம் குறைவாக இருந்ததாகக் கேள்வி.

கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகத் துப்பியது. வேங்கடேசனுக்கு ஒன்றும் இல்லை. தம்பிக்கு ஒன்றும் இல்லை. ஸுந்தரராஜன் கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்களுக்கும் ஒண்ணும் இல்ல சாமி."

அதே வார்த்தை. இதற்கா இத்தனை பஸ்?

"உப்பிலி சாமிக்கு மட்டும்..." சண்முகத்தாய் பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அவியளுக்கு அசல் சுகர். ரெண்டு தடவ பாத்துட்டேன்."

கோஷ்டி முழுவதும் உப்பிலியைத் திரும்பிப் பார்த்தது. பொறாமையை மறைக்க ஒருவரும் பாடுபடவில்லை. குடலிறக்கம் போதாதென்று இதுவுமா அவருக்கு!

"சங்கம்னு ஒண்ணு இருந்தா, அதுக்குத் தலைவர் நீர்தான் ஓய்" என்றார் வேங்கடேசன்.

"எனக்கு எதுக்குய்யா?" என்றார் உப்பிலி.

ஸுந்தரராஜன் வீடு திரும்பும்போது ஷூவைக் கையில் பிடித்திருந்தார்.

"என்ன சொன்னான்?" என்றாள் வஞ்சுளவல்லி.

"ஒண்ணும் இல்லையாம்."

அவள் பரணில் ஏறி வெண்கலப் பானையை இறக்கினாள். பானையில் தூசி இல்லை. முன்தினமே புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள்.

"சுகர் இருக்குன்னு வந்திருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"பண்ணத்தான் பண்ணியிருப்பேன். உங்களை எதிராத்துல உட்கார வெச்சிருப்பேன்."

கூடாரவல்லி சாயங்காலம் தொடக்க விழா குறித்தபடி நடந்தது. நோட்டீஸ் அடித்த பிறகு நோயில்லை என்பதற்காக விழாவை நிறுத்த முடியுமா? சோலைராஜ் இரண்டு வரிதான் பேசினார். பிளவக்கல் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. அவர் நிலையத்துப் போர்டில் 'கோயிலுக்குப் போகுமுன் வரவும்' என்று புது வரி ஏறியிருந்தது. தலைவர் உப்பிலி, "எல்லாரும் சௌக்கியமா இருங்கோ" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். நாவடக்கம் பற்றி ஸுந்தரராஜன்தான் நீளமாகப் பேசினார். உள்ளேயிருந்து நெய் வாசனை வரத் தொடங்கியதும் பாதியில் முடித்துக்கொண்டார்.

வஞ்சுளவல்லி இலை இலையாக அக்காரவடிசில் போட்டுக்கொண்டே வந்தாள். உப்பிலியின் இலையில் மட்டும் ஒரு குவியல் சுண்டல் விழுந்தது.

"தலைவர்னா தியாகம் பண்ணணும் ஓய்" என்றார் ஸுந்தரராஜன், வாய் நிறைய.

"பண்றேன், பண்றேன். சுண்டல் நன்னாத்தான் இருக்கு" என்றார் உப்பிலி. பிறகு நினைவு வந்தவராக, "அது சரி, உமக்கு உடம்பு ஒரு மாதிரியா இருக்குன்னு சொல்லிண்டிருந்தீரே, இப்ப எப்படி?" என்று கேட்டார்.

செருப்பும் கான்வாஸ் ஷூவும் நிறையக் கழற்றிக் கிடந்த வாசலை ஸுந்தரராஜன் ஒரு தடவை பார்த்தார். வஞ்சுளவல்லி இரண்டாம் தடவையாகப் பானையோடு வந்துகொண்டிருந்தாள். இலையை அவள் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்:

"எனக்கு ஒண்ணும் இல்லை ஓய்."