யாருக்குத் தெரிந்தது

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம், ஐந்தருவிக்குக் கீழே ஓடையில் ஒருவர் பிணமாகக் கிடந்தார். வடகரை ஆரம்பப் பள்ளி வாத்தியார் சிவனணைந்தபெருமாள். தனியாகக் குளிக்கப் போனவரைத் தண்ணீர் இழுத்துவிட்டது என்று மட்டும் போலீஸ்காரர் சொன்னார்.

நல்லகண்ணு தென்காசியில் ஒரு நாளிதழுக்கு ஏஜெண்டு. பத்திரிகை விற்பதோடு உள்ளூர்ச் செய்திகளையும் எழுதி அனுப்புவார். ஐந்து மணி பஸ்ஸில் உறையைக் கொடுத்துவிட வேண்டும். சிறு வயதிலிருந்தே அருவியில் குளித்துப் பழகிய மனுஷர் எப்படி விழுந்திருப்பார் என்று யோசித்தார். மதுவிலக்கு இருந்த காலம். ஆனால் எல்லையில் ஆரியங்காவு தாண்டினால் சாராயம் தாராளமாகக் கிடைக்கும். 'குடிபோதையில் கால் இடறி விழுந்ததாகத் தெரிகிறது' என்று எழுதினார். விசாரிக்க நேரமில்லாதபோதெல்லாம் அவர் போடும் சொல்தான் அந்தத் 'தெரிகிறது'.

மறுநாள் 'குடிபோதையில் ஆசிரியர் பலி' என்று கட்டம் கட்டி வந்தது. தலைப்பில் 'தெரிகிறது' இல்லை. நல்லகண்ணுவுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு மாதம் கழித்து வாத்தியாரின் மனைவி கோமதியம்மாள் அவர் கடைக்கு வந்தார். கையில் அந்தச் செய்தியின் நறுக்கு இருந்தது.

"தெரிகிறதுன்னு போட்டிருக்கியளே அண்ணாச்சி, யாருக்குத் தெரிஞ்சுது?"

போலீஸா, டாக்டரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நல்லகண்ணு இல்லை இல்லை என்று தலையசைத்தார். கடைசியில், "எனக்காத்தான் தோணிச்சு" என்றார்.

கோமதியம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார். வாத்தியாருக்கு வலிப்பு உண்டாம். வெளியே யாருக்கும் தெரியாதாம். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். அந்தச் சீக்கு வெளியே தெரிந்தால் அவர்களைக் கட்ட யாரும் வரமாட்டார்கள். சாவன்றைக்கு வீட்டுக்கு வந்து கோமதியம்மாளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை தருவதாகச் சொன்ன நிர்வாகி, பத்திரிகை வந்த பிறகு முகம் கொடுக்கவில்லை.

"வலிப்பப் பத்தி நீங்க ஒண்ணும் எழுதாண்டாம். அவுக குடிச்சாகளான்னு உங்களுக்குத் தெரியாதுன்னு மட்டும் எழுதிருங்க."

அன்றைக்கே நல்லகண்ணு மறுப்பு எழுதி அனுப்பினார். இரண்டு வாரம் கழித்து ஆபீஸிலிருந்து பதில் வந்தது. குடித்திருந்தார் என்று நாம் உறுதியாகச் சொல்லவில்லை, தெரிகிறது என்றுதான் சொல்லியிருக்கிறோம், ஆகவே மறுப்பு அவசியமில்லை. இதற்குத்தானே இத்தனை வருஷமாக அந்தச் சொல்லைப் போட்டு வந்தோம் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

வடகரைக்கு நேரில் போய் நிர்வாகியைப் பார்த்தார். குடித்தார் என்று எழுதியது தன் கற்பனை என்று சொன்னார்.

"அப்போ மனுசன் எப்படி விழுந்தாரு?" என்றார் நிர்வாகி.

பதில் நல்லகண்ணுவுக்குத் தெரியும். சொல்ல முடியாது. "தெரியாது" என்றார்.

"தெரியாமலா வே பேப்பர்ல போட்டீரு?"

அந்தம்மா வந்து அழுதிருப்பாள், இவர் மனம் இளகிவிட்டார் என்று நிர்வாகி முடிவு கட்டிக்கொண்டார். பக்கத்துக் காப்பிக்கடையில் இருந்தவர்களிடமும் எழுதியது தன் கற்பனை என்றே நல்லகண்ணு சொன்னார். கேட்டுக்கொண்டார்கள். ஒருவரும் நம்பியதாகத் தோன்றவில்லை. ஆயா வேலை வேறொருத்திக்குப் போனது.

அதன் பிறகு அவர் தெரிந்ததை மட்டுமே எழுதினார். தெரியாத இடத்தில் தெரியவில்லை என்றே எழுதினார். அச்சில் வரும்போது ஆபீஸில் யாரோ அதை எடுத்துவிட்டு, ஏதாவது ஒரு காரணத்தைப் போட்டுத் 'தெரிகிறது' என்று முடித்திருந்தார்கள். சில மாதங்கள் பார்த்துவிட்டு, இனி செய்தி அனுப்புவதில்லை என்று எழுதிப் போட்டார். பத்திரிகை விற்பதை மட்டும் விடவில்லை.

அறுபத்து நாலில் வாத்தியாரின் மூத்த மகளை, மனைவியை இழந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டார். அந்த வருஷம் தென்காசியில் காசி விசுவநாதர் கோயில் வாசலில் கோமதியம்மாள் எதிரே வந்தார். ஒதுங்கிப் போக இடமில்லை.

"சௌக்கியமா இருக்கியளா அண்ணாச்சி?" என்று அவர்தான் முதலில் கேட்டார். இளைத்துவிட்டீர்களே, வேளைக்குச் சாப்பிடுங்கள் என்றும் சொன்னார். திட்டியிருந்தால் நல்லகண்ணுவால் தாங்கியிருக்க முடியும். தலையை மட்டும் ஆட்டிவிட்டு, சாமி கும்பிடாமலே வீட்டுக்குத் திரும்பினார்.