மடிப்பில் வெட்டவும்

2023 டிசம்பர் ஒன்பதாம் நாள், சனிக்கிழமை முற்பகலில், கூடத்து மேசைமேல் இரட்டையாக மடித்து விரித்திருந்த சாம்பல்நிறத் துணியை அதன் மடிப்பின் வழியே, மேலிருந்து கீழ்வரை, நான் வெட்டினேன். கத்தரிக்கோல் சாணை பிடித்தது; வெட்டு நேராக வந்தது. வெட்டி முடிக்கும் நேரத்தில் தங்கை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அடுக்களையிலிருந்து வந்தாள். துணியைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“முதுகுத் துண்டையா ரெண்டாக்கிட்ட?”

“தாள்ல போட்டிருக்கறதத்தான் செஞ்சேன்.”

ஸ்வெட்ஷர்ட் தைக்கத் துணிமேல் வைத்து வெட்டும் மாதிரித் தாள் அது. அந்த வெட்டுத்தாளின் நீண்ட ஓரத்தில், கொட்டை எழுத்தில், ‘மடிப்பில் வெட்டவும்’ என்றுதான் இருந்தது. அந்த ஓரத்தைத் துணியின் மடிப்போடு ஒட்டி வைத்து, மடிப்பைத் தொடாமல் மற்றப் பக்கங்களை மட்டும் வெட்ட வேண்டுமாம். பிரித்தால் முதுகு ஒரே துண்டாக விரியுமாம். எழுதியவர் எண்ணியது அது. எழுதியது அதுவன்று. ஓர் அச்சகத்தில் பணி ஓய்வு பெறும்வரை மெய்ப்புத் திருத்தியவள் நான். ‘இல்’ என்பது இடத்தைச் சுட்டும் உருபு. சுட்டிய இடத்தில் வெட்டினேன்.

“மடிப்புல வெட்டுன்னா மடிப்ப விட்டுட்டு வெட்டுன்னு அர்த்தம்க்கா. தையக்காரங்க எல்லாருக்கும் தெரியும்.”

“அப்ப அவங்க எழுதக் கத்துக்கணும்.”

“நீ எல்லாரையும் திருத்திக்கிட்டே இரு. அடுத்த ஞாயித்துக்கிழமை எதப் போட்டுக்கிட்டுப் போவ?”

அந்த ஞாயிறன்று அச்சகத்து ஓய்வாளர்களின் ஆண்டுக் கூட்டம். கடையில் அந்தத் துணி மேலும் ஓரடிகூட மிச்சமில்லை.

மேசையில் குனிந்து குனிந்து என் முதுகின் மேற்பகுதி வளைந்துவிட்டது. அச்சுக்கோப்பவர்கள் எனக்கு வைத்த பெயர் ‘கால்புள்ளி’. தொடக்கத்தில் அது நான் விடாப்பிடியாக இட்டுத் தள்ளிய குறிகளுக்காக. பிறகு உடம்பும் அந்தப் பெயருக்குப் பொருந்திக்கொண்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் சென்ற ஆண்டுக் கூட்டத்தில் எடுத்த படத்தால் வந்தது. கடையில் வாங்கிய ஸ்வெட்ஷர்ட் என் முதுகில் ஏறிக்கொண்டு, பின்கழுத்தில் வாய்பிளந்து, வயிற்றின்முன் பைபோலத் தொங்கியது. யாரோ அவசரத்தில் எனக்கு மாட்டிவிட்டதுபோல இருந்தேன். அன்றிலிருந்து மாலை நடையையும் நூலகத்தையும் நிறுத்திவிட்டேன். மேலே ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டால் ஒன்றும் தெரியாது என்று தங்கை பலமுறை சொன்னாள். ஒன்றும் தெரியக்கூடாது என்று நான் எப்போது சொன்னேன்? சரியாக அமைந்த உடையோடு போவது, இல்லையேல் போகாமலே இருப்பது என்று முடிவுகட்டினேன். பழைய படுக்கைவிரிப்பில் ஏற்கெனவே இரண்டு வெட்டுத்தாள்களைச் சோதித்தாயிற்று. ஒன்று சாக்குப்பையாகத் தொளதொளத்தது, மற்றொன்றில் கையை உயர்த்த முடியவில்லை. இது மூன்றாவது.

பகலுணவுக்குப் பின் தங்கை குண்டூசிப் பெட்டியோடு வந்தாள். ஆயத்த ஆடை ஆலையில் கைப்பகுதி மட்டுமே தைத்து ஓய்வுபெற்றவள். வாய் ஓயாது, கையும் ஓயாது. இரண்டு துண்டுகளையும் என் முதுகில் வைத்து நடுவில் நேராகக் குத்திக்கொண்டு வந்தாள். வளைவு வந்த இடத்தில் துணி விறைத்தது. முணுமுணுத்தபடி அங்கே ஊசிகளைப் பிடுங்கித் தளர்த்தினாள். கழுத்தருகிலும் இடுப்பருகிலும் கூடுதலாக உள்ளே பிடித்தாள். பிறகு அவளுடைய பேச்சு நின்றது. அது வழக்கத்தில் இல்லாதது.

“அப்படியே நில்லு. அசையாத” என்று சொல்லிவிட்டு, குளியலறைக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து, எதிரிலிருந்த அலமாரிக் கண்ணாடியில் முதுகு தெரியும்படி பின்னால் பிடித்தாள். ஊசிகளின் வரிசை என் முதுகைப் போலவே வளைந்திருந்தது. துணி எங்கும் ஏறவில்லை, எங்கும் பிளக்கவில்லை. முதுகு ஒரே துண்டாக இருந்திருந்தால் அந்த வளைவுக்கு இடமே கிடைத்திராது.

“தப்பா வெட்டிட்டு மூஞ்சியில பெருமையப் பாரு.”

“நான் தப்பா வெட்டல.”

தையல் முழுவதும் என்னுடையது. நடுத்தையலை இருமுறை பிரித்தேன். மூன்றாம் முறை அது ஒரே மூச்சில் ஓடியது. கீழ்ப்பட்டையைப் பின்பக்கம் மட்டும் சற்று அகலமாக வைத்தேன். முன்துண்டை வெட்டுமுன், அதன் தாளில் இருந்த தொடரை அடித்துவிட்டு, ‘மடிப்பின்மேல் வைத்து, மடிப்பை விட்டு வெட்டவும்’ என்று எழுதினேன். பின்துண்டின் தாளில் கைவைக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை அதில் இனிப் பிழையில்லை.

கூட்டத்தில் எல்லாரும் சுருண்டு உட்கார்ந்திருந்தார்கள்; கூடம் அவ்வளவு குளிர். பைண்டிங் பிரிவிலிருந்த அம்மாள் என் தோளைத் தொட்டுத் திருப்பி, எந்தக் கடை என்று கேட்டார். கடையில்லை என்றேன். படமெடுக்க வந்தவர் முதியவர்களுக்கென முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார். நான் உட்காரவில்லை. வரிசையின் ஓரத்தில், பக்கவாட்டுத் தோற்றம் முழுதும் தெரியும் இடத்தில் நின்றேன்.

அச்சு இயந்திரத்தை ஓட்டியவர் பின்வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தார். “என்ன கால்புள்ளி, நிமிந்துட்டீங்க போலிருக்கே?”

“நிமிரல. சட்டை சரியா வளைஞ்சிருக்கு.”

வரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்; படம் அந்த நொடியில் எடுக்கப்பட்டது.

மறுநாள் காலை தங்கை என்முன் வந்து, முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். கேலி எதுவும் இல்லை. அளவு டேப்பின் முனையை அவளுடைய பின்கழுத்தில் வைத்து இடுப்புவரை இழுத்துப் பிடித்தேன். தோள்களுக்கு நடுவே டேப் நேராகப் படியாமல், மேடேறி இறங்கியது.

“எனக்கும் இருக்கா?” என்றாள் சுவரைப் பார்த்தபடி.

“இருக்கு.”

டேப்பை நான் எடுக்கவில்லை. பின்னர் இருவரும் பேசி முடிவு செய்தோம்: துணி கருநீலம். கழுத்து என்னுடையதைவிட ஒரு விரல் அகலம். முதுகு இரண்டு துண்டு. வெட்டுவது நான்.