உட்கார்ந்து நடப்பவள்

அக்காவின் தலையை வாரிக்கொண்டிருந்தபோதே சின்னவளின் விரல்கள் மரத்துப்போய், சீப்பு நழுவி விழுந்தது. குனிவதற்குள் அத்தை எடுத்துக்கொண்டாள்.

"விடு, நான் பாத்துக்கறேன். நீ போய் வழக்கம்போலப் படுத்துக்க."

'வழக்கம்போல' என்பதை அத்தை அழுத்திச் சொல்லவில்லை. அழுத்தத் தேவையும் இல்லை.

சின்னவள் படுக்கப் போகாமல் சுவரோரம் உட்கார்ந்தாள். வலி தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நேற்றுக் காலை வேலைக்குப் போன அக்கா, தையல் தொழிற்சாலையில் துணி சரிபார்க்கும் மேசைமீதே சாய்ந்துவிட்டாள். மாரடைப்பு.

"அசதியில கண்ணசந்துட்டாங்கன்னு நினைச்சோம்," என்றார் துக்கத்துக்கு வந்திருந்த மேற்பார்வையாளர். "உடம்பு சரியில்லன்னு ஒரு நாள் லீவு போட்டதில்ல."

சமையலறையில் யாரோ தாழ்ந்த குரலில் சொன்னது கேட்டது. "கிடந்தவ இருக்கா, ஓடுனவ போயிட்டா."

சின்னவளுக்குக் கோபம் வரவில்லை. நேற்றிலிருந்து அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு காய்ச்சலோடு வந்த வலி அது. காய்ச்சல் போனது, வலி தங்கிவிட்டது. எடுக்காத ஸ்கேன் இல்லை. எல்லாத் தாளிலும் 'நார்மல்'தான். "உங்க தங்கச்சிக்கு ஒண்ணும் இல்ல, எல்லாம் மனசுதான்," என்றார் ஒரு மருத்துவர்.

"மனசுல இருந்து வந்தாலும் வலிக்கிறது அவளுக்குத்தானே டாக்டர்? அதுக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க," என்றாள் அக்கா. அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

பிறகு பார்த்த ஒரு வயதான பெண் மருத்துவர்தான் உட்காரவைத்துப் பேசினார். "தீயே இல்லாம அபாய மணி அடிச்சுக்கிட்டே இருக்குன்னு வச்சுக்கோங்க. தீ இல்லங்கறதும் நிஜம், சத்தம் கேக்கறதும் நிஜம். சத்தத்தக் குறைக்கப் பாக்கலாம்."

கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓய்வு, களைப்பு வருமுன்பே உட்கார்ந்துவிடுவது. அக்கா அதைச் சிக்கெனப் பிடித்துக்கொண்டாள். உடம்பு லேசான நாளில் சின்னவள் வீட்டையே புரட்டித் துடைக்கக் கிளம்பினால், "போதும் மகாராணி, நாளைக்கும் உடம்பு வேணும்," என்று துணியைப் பிடுங்கிக்கொள்வாள்.

அக்காவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முதல் திருப்பத்திலேயே சின்னவளின் கால்கள் நடுங்கின. கைப்பிடியைப் பற்றியபடி படியில் உட்கார்ந்தாள். பின்னால் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

"இன்னைக்கு ஒரு நாளாவது சமாளிக்கக் கூடாதா?" அத்தையின் குரல் உடைந்திருந்தது. "உன்னைத் தாங்கித் தாங்கித்தானேடி அவ போனா."

எப்போதும் மன்னிப்புக் கேட்கிறவள், இப்போது கேட்கவில்லை.

"நடக்கணும்னுதான் அத்தை உட்காருறேன்."

ஒருவர்பின் ஒருவராக அவளை உரசிக்கொண்டு இறங்கிப் போனார்கள். மூச்சு நிதானப்பட்டதும் அவள் எழுந்தாள். அடுத்த திருப்பத்தில் மறுபடி உட்கார்ந்தாள். கீழே வண்டி காத்திருந்தது. ஓட்டுநர் எதுவும் கேட்காமல் முன்கதவைத் திறந்துவிட்டார்.

மாலைக்குள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். அத்தை மட்டும் வாசலில் செருப்பை மாட்டியபடி நின்றாள்.

"தனியா இருந்துப்பியா?"

"இருந்துப்பேன்."

அத்தை, "கதவைச் சாத்திக்க," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

நேற்று தொழிற்சாலையின் தொலைபேசி அழைப்பு வந்ததிலிருந்து சின்னவள் தன் அறைக்குள் போகவில்லை. இப்போது போய்க் கட்டில்மீது சாய்ந்து, தலைமாட்டிலிருந்த தைலப் புட்டியை எடுத்தாள். விரல்கள் மடங்கவில்லை. திருகுவதற்காக உள்ளங்கையை மூடிமேல் வைத்தாள். மூடி கையோடு வந்துவிட்டது.

பழைய புட்டியும் இப்படித்தான் இருந்தது. மரை தேய்ந்துவிட்டது என்று நினைத்திருந்தாள். இது அக்கா புதிதாக வாங்கி வந்தது. அவள் இன்னும் தொட்டதேயில்லை. தண்ணீர்ப் புட்டியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மாத்திரை டப்பாவை. எல்லா மூடிகளும் திருகப்படாமல், சும்மா மேலே வைக்கப்பட்டிருந்தன. அக்கா வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இந்த அறைக்குள் ஒருமுறை வந்துவிட்டுப் போவாள்.

சின்னவள் தோளில் தைலத்தைப் பூசிக்கொண்டாள். கை எட்டாத இடத்தை விட்டுவிட்டாள். பிறகு மூடியை எடுத்து, திருகாமல், புட்டியின்மேல் வைத்தாள்.